கெஜட்டில் உள்ள பதினேழு நாட்கள்

எங்கள் ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அதன் அமைப்பைத்தான் பாராட்டினார்கள். மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் இருக்கும் பதினேழு விடுமுறைகள், பதினேழு பாட்டுகள்; ஒவ்வொரு பாட்டும் அந்தந்த விடுமுறை அன்றே பதிவானது. ராக் இசையில் இங்கே யாருக்கும் தோன்றாத யோசனை என்று ஒருவர் எழுதினார். உண்மை அவ்வளவு பெரியதில்லை. எங்களுக்கு வேறு நாட்களில் லீவு கிடைக்காது.

நான் தில்லியில் ஒரு அமைச்சகத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழுவில் பேஸ் கிட்டார் என்னுடையது, பாட்டு வரிகளும் என்னுடையவை. என் தம்பி ஜெயசீலன் இன்னொரு அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்தான். பாடியவன் அவன், மெட்டுப் போட்டவன் அவன், குழுவைத் தொடங்கியவனும் அவன்தான். அவனுடைய மேலதிகாரி சனிக்கிழமையும் பல ஞாயிறும் ஆபீஸுக்கு வருகிறவர். அதனால் இவனும் போக வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும் வெங்கி தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறான். அவன் தாத்தா காலத்திலிருந்து கரோல் பாகில் ஒரே வாடகை வீடு. நான்காமவன் அபிஷேக் மட்டும்தான் அரசாங்கச் சம்பளம் வாங்காதவன். பாட்னாக்காரன். லீட் கிட்டார் வாசிப்பான், ஒலிப்பதிவும் செய்வான், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முனிர்காவில் ஒரு சந்துக்குள் மூன்றாவது மாடியில் அவன் குடியிருந்த அறைதான் எங்கள் ஸ்டூடியோ. ஜன்னலை அடைக்கப் பழைய மெத்தை ஒன்றைச் சாத்தி வைத்திருப்பான்.

குழுவின் பெயர் ஆர்.ஹெச். பட்டியலில் உள்ள பொது விடுமுறைகள் போக, ஊழியர் தாமே தேர்ந்து எடுத்துக்கொள்ள வருடத்துக்கு இரண்டு நாட்களை அரசு அனுமதிக்கும். அதற்கு ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே, சுருக்கமாக ஆர்.ஹெச். என்று பெயர். தில்லியில் இருக்கும் தமிழர்கள் அதில் ஒன்றைப் பொங்கலுக்குச் செலவழிப்பார்கள். வெளியாட்களிடம் பெயரைச் சொன்னால் ரத்தப் பிரிவா என்று கேட்பார்கள்.

நாலு வருடம் கல்லூரி விழாக்களிலும் யார் யாருடைய கல்யாண வரவேற்புகளிலும் மற்றவர்கள் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். சொந்தப் பாட்டு இரண்டு இருந்தது. அதை வாசிக்கும்போது கூட்டம் சாப்பிடப் போய்விடும். ஒரு டிசம்பரில், அடுத்த வருட விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எந்த நாளில் சேர்ந்து வாசிக்கலாம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தோம். ஜெயசீலன் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அக்கா, இதுவே ஆல்பம்தான். மேலேர்ந்து கீழ வரைக்கும் அப்படியே பாடிடலாம்."

விதிகளையும் அவன்தான் போட்டான். விடுமுறை அன்றுதான் பாட்டு. காலையில் தொடங்கி சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும். தவறவிட்டால் அந்தப் பாட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். மெத்தையைத் தாண்டி உள்ளே வரும் தெருச் சத்தத்தை அழிக்கக் கூடாது. பதினேழும் ஒரே ஸ்கேலில் இருக்க வேண்டும், ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும். கேட்கிறவனுக்கு ஒரு வருடம் நிற்காமல் ஓடியது போல இருக்க வேண்டும். அந்த ஸ்கேல் அவன் குரலுக்கு வாகானது. யாரும் மறுக்கவில்லை, பாடப் போகிறவன் அவன்தானே.

அந்த வருடம் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அரசு ஊழியருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. அதனால் முதல் பாட்டு நாற்பது விநாடிதான். வெங்கியின் டிரம்ஸ் மட்டும், கடைசியில் ஜெயசீலன் சொல்லும் ஒரு 'ச்சே'. மேடையில் அதை வாசித்தால் இப்போது கூட்டமே சேர்ந்து 'ச்சே' என்கிறது, அர்த்தம் தெரியாதவர்களும்.

மற்ற பாட்டுகளும் அப்படித்தான். பண்டிகையைப் பற்றிய பாட்டுகள் இல்லை அவை. லீவு கிடைத்த ஒரு குமாஸ்தா அன்றைக்கு என்ன செய்கிறான் என்பதுதான் விஷயம். ஹோலி அன்று கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். புனித வெள்ளியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தும் எங்கும் போகாமல் துணி துவைக்கிறான். புத்த பூர்ணிமாவுக்கு என்ன செய்வதென்றே அவனுக்குத் தெரியவில்லை. ஜெயசீலன் தில்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. நான் எட்டு வயது வரை விருத்தாசலத்தில் இருந்ததால் எனக்குத் தமிழ் படிக்க வந்தது, பழக்கமும் ஒட்டிக்கொண்டது. நான் எழுதிக் கொடுப்பதை அவன் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு பாடுவான். கொஞ்சம் புத்தகச் சாயல் வந்துவிட்டால் பென்சிலை நீட்டி, "இது யாரு பேசறாங்க? நீயா? ஆபீஸ்ல இப்படிப் பேசினா கேன்டீன்ல டீ கூட குடுக்க மாட்டாங்க" என்பான். நான் அடித்துவிட்டு வேறு எழுதுவேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தியும் தசராவும் ஒன்றாக வந்தன. இரண்டு லீவு ஒரே நாளில் போகிறதே என்று எங்கள் பிரிவில் ஏப்ரலிலிருந்தே புலம்பல். எங்களுக்கு ஒரே நாளில் இரண்டு பாட்டு. ஜெயசீலனுக்கு முந்தின நாளே காய்ச்சல். பதின்மூன்றாவது பாட்டை முடித்துவிட்டு அபிஷேக்கின் படுக்கையில் சுருண்டு படுத்துக்கொண்டான். மணி இரண்டு. வெங்கி போதும் என்றான்.

நான்தான் மாத்திரையைக் கொடுத்து, "தசரா இனிமே அடுத்த வருஷம்தான் வரும், எழுந்திரு" என்றேன்.

எழுந்து பாடினான். அந்தப் பதினான்காவது பாட்டில் அவன் குரலில் ஒரு வேகம் இருக்கிறதென்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அது நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

நாலாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு. ஆறாம் தேதி காலையில் இறந்துபோனான். முப்பத்தொரு வயது. நான் டாக்டரிடம் அந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டேன். அதனால் எதுவும் மாறியிருக்காது என்றார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். நம்பினேனா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று பாட்டுகள் பாக்கி. தீபாவளி, குரு நானக் ஜெயந்தி, கிறிஸ்துமஸ்.

அவன் போனை அபிஷேக்தான் திறந்து பார்த்தான். ரகசிய எண் அவனுக்குத் தெரியும். ஜெயசீலன் தீபாவளிக்கு மெட்டை முணுமுணுத்துப் பதிந்து வைத்திருந்தான், முழுதாக. குரு நானக் ஜெயந்திக்குப் பாதி. கிறிஸ்துமஸுக்கு மெட்டே இல்லை; குறிப்பில் ஆங்கில எழுத்தில் மூன்று வார்த்தை மட்டும்: 'ஆபீஸ் ஹீட்டர், மெதுவா'.

பதின்மூன்றாம் நாள் வெங்கி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தான். அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினான். படியில் வைத்து அவனிடம் சொன்னேன், திங்கட்கிழமை தீபாவளி, பதினைந்தாவது பாட்டை முடிக்கிறோம் என்று.

"உஷா, உனக்குப் பைத்தியமா? யாரு பாடறது?"

"நான்."

"நீ பாடி நான் கேட்டதே இல்லையேடி."

"நானும் கேட்டதில்ல."

அவன் சிரிக்கவில்லை. இதை விட்டுவிடலாம், பதினான்கோடு வெளியிட்டால் கேட்பவர்களுக்கே புரியும், ஒருவன் பாதியில் போய்விட்டான் என்று, அதுவே ஒரு முடிவுதானே என்றான். அது அழகாகத்தான் இருந்தது, எழுதுகிறவளுக்கு அதன் அழகு தெரியாமல் இல்லை. ஆனால் ஜெயசீலன் பதினான்கு என்று சொல்லவில்லை. பட்டியலிலும் பதினான்கு இல்லை. அக்டோபர் இரண்டாம் தேதியோடு வருடம் முடியாது என்றேன். இந்த வருடம் முடியவில்லையென்றால் என்ன, அடுத்த வருடம் செய்யலாம் என்று அவன் இழுத்தான். அடுத்த வருடம் நாங்கள் மூன்று பேரும் ஒரு அறையில் இருப்போமா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கடைசியில் திங்கட்கிழமை பத்து மணி என்று ஒப்புக்கொண்டு போனான்.

வீட்டில் சொல்வதுதான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் எந்தப் பண்டிகையும் கிடையாது. விளக்கு வரிசை இல்லை, புதுத்துணி இல்லை, பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. அதிலும் தீபாவளி பதினைந்தாம் நாளில் வந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினாறாம் நாள் கருமாதி; அதற்காக விருத்தாசலத்திலிருந்து சித்தப்பா வந்து இறங்கியிருந்தார். தீட்டு கழியாத வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். சித்தப்பா கை கழுவ எழுந்து போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா என்னைப் பார்க்காமல் பேசினாள். "பதினாறு முடியாத வீட்லேர்ந்து கிட்டாரத் தூக்கிக்கிட்டுப் போவியா? அதுவும் தீவாளி அன்னிக்கு? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?"

யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், தில்லியில் யார் பார்க்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். அப்பா முந்திக்கொண்டார். பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். ஜெயசீலன் போன பிறகு அவர் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சாந்தா, பண்டிகைதான் நமக்கு இல்ல. லீவு இருக்குது. அது கெஜட்டுல போட்டது, யாரு வீட்ல எழவு விழுந்தாலும் நிக்காது. லீவு நாள்ல அவ வேலை செய்யப் போறா. அவன் ஆரமிச்ச வேலை."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா. பிறகு வெகுநேரம் தட்டுகளைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். சித்தப்பா என்னிடம் தணிந்த குரலில், ஊரில் யாரிடமும் இதைச் சொல்லாதே என்றார். அதையே அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"போ. ஆனா பண்டிகையப் பாடாத. அந்த வாயால இந்த வருஷம் பண்டிகையப் பாடக் கூடாது. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு முன்னாடி வீட்ல இருக்கணும்."

சரி என்றேன். பிறகுதான் நான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. பதினைந்தாவது பாட்டுக்கு செப்டம்பரிலேயே வரிகள் எழுதிவிட்டேன். போனஸ் வந்த குமாஸ்தா, ஆபீஸில் கொடுக்கும் முந்திரி டப்பா, சரோஜினி நகரில் சட்டை வாங்கப் போய் நெரிசலில் மாட்டிக்கொள்வது. ஆல்பத்திலேயே கலகலப்பான பாட்டு அதுவாகத்தான் இருக்கும் என்று ஜெயசீலன் சொல்லிக்கொண்டிருந்தான். முழுக்க முழுக்கப் பண்டிகை. அதில் ஒரு வரியைக்கூட இனிப் பாட முடியாது. கையில் மெட்டு மட்டும் இருந்தது, வார்த்தை இல்லை, ஒரு நாள் கூட இல்லை.

தீபாவளி அன்று காலை ஒன்பது மணிக்குக் கிட்டாரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மாடிப்படியில், எங்கள் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் நடுவில், மேல் வீட்டு கன்னா ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருடமாக எல்லாத் தீபாவளிக்கும் அந்த வீட்டு இனிப்பு டப்பாதான் எங்களுக்கு முதலில் வரும். அன்றைக்கும் கையில் டப்பா இருந்தது. இந்த வருடம் கொடுக்கலாமா கூடாதா, எங்கள் வழக்கம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தயக்கம். எவ்வளவு நேரம் அங்கே நின்றிருந்தாளோ. என்னைப் பார்த்ததும் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "பேட்டா, எங்கேயாவது போகிறாயா?" என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மெதுவாக மேலே ஏறிப் போய்விட்டாள்.

ஆட்டோவில் வரும்போதே முதல் நாலு வரி வந்துவிட்டது. மிச்சத்தை அபிஷேக் அறையின் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். படியில் ஒரு டப்பா நிற்கிறது. கீழே இறங்கவும் முடியவில்லை, மேலே ஏறவும் முடியவில்லை. எல்லா வீட்டிலும் விளக்கு, ஒரு பால்கனியில் மட்டும் மின்சாரம் மிச்சம். அவ்வளவுதான் பாட்டு. பண்டிகையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அபிஷேக்குக்கு இந்தியில் சொன்னேன். அவன் கிட்டாரை மடியில் வைத்தபடி கேட்டான். பிறகு மெட்டைப் பாதி வேகத்தில் வாசித்துக் காட்டி, "தீதி, இப்படியா?" என்றான். இப்படித்தான்.

ஆனால் ஸ்கேல் ஜெயசீலனுடையது. என் குரலுக்கு அது கீழே, எட்டாத ஆழத்தில் இருந்தது. ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் எனக்குச் சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. வெங்கி டிரம்ஸ் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சந்தில் பிள்ளைகள் பட்டாசை ஒற்றை ஒற்றையாக வெடித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. விதிப்படி அதை அழிக்கவும் முடியாது. இரண்டாவது டேக்கில் வெங்கி தாளத்தை நிறுத்திவிட்டு வெடிக்காகக் காத்திருந்தான். வெடி விழுந்த இடத்தில் அடித்தான். அடுத்த வெடிக்கும் காத்திருந்தான். அவன் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. நான் காற்றாகவே பாடினேன். நாலரைக்கு வீட்டில் இருந்தேன்.

மறுநாள் கருமாதி முடிந்தது. அந்த வார இறுதியில் வெங்கி அந்தப் பாட்டில் ஒரு நிமிடத்தை இணையத்தில் போட்டான். என்னைக் கேட்கவில்லை.

முதலில் அது சுற்றியது அரசு ஊழியர்களின் வாட்ஸாப் குழுக்களில்தான். யாரோ அதற்கு இந்தியில் அர்த்தம் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அந்த வருடம் வீட்டில் சாவு விழுந்து தீபாவளி இல்லாமல் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. வரி முடிவில் மூச்சாகப் போகும் குரலைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். அது திட்டமிட்ட உத்தி என்று நினைத்தார்கள். குரு நானக் ஜெயந்திக்கு நாங்கள் மறுபடி முனிர்காவில் கூடியபோது நாலு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். வெங்கி படி ஏறி வரும்போதே எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பதினாறாவது பாட்டை நான் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கத்திப் பாடினேன். கேன்டீன் மூடியிருப்பதால் குருத்வாராவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் குமாஸ்தா. ஜெயசீலன் விட்ட பாதி மெட்டோடு அபிஷேக் மீதியைச் சேர்த்தான். மாலைக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் திருப்தி கிடையாது, ஆனால் நாள் முடிந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் நொய்டாவிலிருந்து ஒரு இசை நிறுவனத்தின் சார்பில் ஷ்ரேயா என்ற பெண் அழைத்தாள். போனோம். நல்ல பெண். நாங்கள் முன்பே அனுப்பியிருந்த பாட்டுகள் எல்லாவற்றையும் உண்மையாகவே கேட்டிருந்தாள், எது எங்கே வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆல்பத்தை அவர்கள் வெளியிடுவார்கள், ஆறு ஊர்களில் கச்சேரியும் வைப்பார்கள். ஒரே ஒரு விஷயம். பதினான்கு பாட்டில் ஜெயசீலனின் குரல் போதுமான அளவு இருக்கிறது. அதை வைத்து மீதி மூன்றையும் கணினியே அவன் குரலில் பாடிவிடும். ஆல்பம் முழுக்க ஒரே குரல், அவன் நினைத்தபடி. குடும்பத்தார் இதை ஒரு அஞ்சலியாக நினைக்கிறார்கள் என்றாள். மாதிரிக்குப் பதினைந்தாவது பாட்டைச் செய்தும் வைத்திருந்தாள். ஹெட்போனை என்னிடம் நீட்டினாள்.

கேட்டேன். அது அவன்தான். கன்னா ஆன்ட்டியின் டப்பாவைப் பற்றி அவன் பாடினான், கீழ் வரிகளில் சிரமமே இல்லாமல் இறங்கினான். நான் முழுதும் கேட்டேன், நிறுத்தவில்லை. கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

"மேடம், எங்க பிரிவுல அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் என்கிட்ட இருக்கு. பத்து வருஷத்துல வராதவங்களுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல. அன்னிக்கு அவன் வரல. நான்தான் வந்தேன்."

ஷ்ரேயாவுக்குத் தமிழ் தெரியாது. வெங்கி அதை மொழிபெயர்க்கவில்லை. நானே இந்தியில் மறுபடி சொன்னேன். அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யோசித்தாகிவிட்டது என்றேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் வெங்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேல் பார்த்தபடி வந்தான். அவனுக்கு இந்த ஒப்பந்தம் தேவைப்பட்டது. தணிக்கைக் கோப்புகளிலிருந்து வெளியேற அது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தான். நினைத்ததில் தவறு இல்லை. மண்டி ஹவுஸ் தாண்டியதும் ஆரம்பித்தான்.

"அவனுக்கு இது பிடிச்சிருக்கும். முதல்ல அவன்தான் கைதட்டியிருப்பான்."

"இருக்கலாம்."

"நீ எழுதற, நீ பாடற, நீயே முடிவும் பண்ற. குரூப்புக்கு செக்‌ஷன் ஆபீசர் நீதானா? கையெழுத்துக்கு ஃபைல் அனுப்பணுமா உனக்கு?"

ராஜீவ் சௌக்கில் நான் மாற வேண்டும். இறங்கும்போது, கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை, பத்து மணி என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றான். கதவு மூடிக்கொண்டது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஜெயசீலனின் ஆபீஸிலிருந்து போன் வந்தது, அவனுடைய பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி. போனேன். அவன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்னேன். ஒரு சால்வை, ஒரு கோப்பை, காதில் மாட்டும் வயர். மேஜைக்குக் கீழே ஒரு சின்ன ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஹீட்டர் வைக்க அனுமதி கிடையாது. அதனால் எல்லா ஆபீஸிலும் மேஜைக்கு அடியில் ஒன்று இருக்கும். இது அவன் வாங்கி வைத்ததாம். பக்கத்தில் இருந்த நாலு பேரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து கால் நீட்டுவார்களாம். எதுவும் பேச மாட்டோம், கொஞ்ச நேரம் காலை வைத்துவிட்டுப் போவோம், அவ்வளவுதான் என்றார் கலியபெருமாள் என்ற கடலூர்க்காரர். எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். குளிர் இப்போதுதானே ஆரம்பிக்கிறது, இருக்கட்டும் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று வெளியே பனிமூட்டம். அபிஷேக் அறையில் மூச்சு புகைந்தது. பத்து மணிக்கு இரண்டே பேர். தாளத்துக்குக் கணினியை ஓடவிட்டு முயற்சி செய்தோம், ஒட்டவில்லை. பதினொன்றே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கி உள்ளே வந்து மஃப்ளரைக் கழற்றாமலே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"ஆத்துல இருந்தா அம்மா ஃபேன் துடைக்கச் சொல்லுவா" என்றான். "ஆரம்பி."

வரிகள் என்னிடம் தயாராக இருந்தன. விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் ஆபீஸ். மேஜைக்கு அடியில் அணைந்திருக்கும் ஹீட்டர். நாளைக்கு வந்து கால் நீட்டப் போகும் நாலு பேர் இன்று அவரவர் வீட்டில். மெட்டு அபிஷேக்கும் நானும் அந்த வாரம் போனிலேயே பேசிச் செய்தது. ஜெயசீலனிடமிருந்து அந்த மெட்டுக்கு வந்தது 'மெதுவா' என்ற ஒரு சொல்தான்.

முதல் டேக் பாடினேன். அதே ஸ்கேல், அதே ஆழம், அதே காற்று. அபிஷேக் நன்றாக இருக்கிறது என்றான். பதினைந்தாவது மாதிரியே இருக்கிறது, ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றான். இரண்டாவதும் அப்படியே வந்தது. ஹெட்போனில் கேட்டேன். தீபாவளி அன்று எனக்குச் சத்தம் வரவில்லை, அதனால் காற்று வந்தது. இன்றைக்கு நான் அந்தக் காற்றை வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கேலை மாத்தலாம்" என்றேன். "எனக்கு ஏத்த மாதிரி. நாலு கட்டை மேலே."

அபிஷேக் கைகளைத் தந்திகளிலிருந்து எடுத்தான். பதினாறும் ஒரே ஸ்கேல், பதினாறாவது முடியும் இடத்திலிருந்து இது தொடங்க வேண்டும், மாற்றினால் இணைப்பு உடைந்துவிடும் என்றான். பையா போட்ட விதியே அதுதானே என்றான். அண்ணன் என்ற பொருளில் அவன் ஜெயசீலனை அப்படித்தான் கூப்பிடுவான்.

"தெரியும்."

"கேட்கிறவங்களுக்கு டக்குனு தெரியும், தீதி. ஏதோ அறுந்த மாதிரி."

"தெரியட்டும்."

வெங்கி குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுப்பான் என்று நினைத்தேன். நொய்டாவில் ஒரு விதியைச் சொல்லி அவன் வாய்ப்பைக் கெடுத்தவள் இங்கே மட்டும் விதியை மீறலாமா என்று அவன் இப்போது கேட்கலாம். வராதவன் பெயரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கே சொல்லிவிட்டு, இங்கே இரண்டு மாதமாக அவன் குரல் நிற்கும் இடத்தில் என் குரலை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அதே வேலைதான். வந்தவள் வந்தவளாக இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு தெளிவாக அன்றைக்கு நான் சொல்லவில்லை. மணி ஒன்றாகிவிட்டது, ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.

"மாத்துடா, அபிஷேக்" என்றான் வெங்கி, இந்தியில். "அவளுக்கு இன்னிக்கு லீவு. இஷ்டத்துக்குப் பாடட்டும்."

அபிஷேக் கிட்டாரின் கழுத்தில் சுருதி ஏற்றும் கவ்வியை மாட்டினான், ஒரு முறை மீட்டிப் பார்த்தான். அறை கொஞ்சம் வேறு அறை மாதிரி ஆனது. நான் பேஸின் தந்திகளில் விரலை மேலே நகர்த்தி இடத்தைத் தேடிக்கொண்டேன். மெத்தைக்கு வெளியே யாரோ காய்கறி வண்டிக்காரனிடம் பட்டாணி விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அபிஷேக் பதிவை ஓடவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினான். வெங்கி குச்சியால் நாலு தட்டினான்.

முதல் வரியின் கடைசிச் சொல்லில் குரல் இறங்கியது, காற்றாகப் போகாமல் குரலாகவே நின்றது. அடுத்த வரிக்குப் போனேன்.